திருவையாறு போகலாம், வாருங்கள்!

மார்கழி முடிந்து தை பிறக்கிற சமயம் நம் வீடுகளில் வேலைக்கா பஞ்சம்? ஒட்டடை அடிக்க வேண்டும், பரணில் இருப்பதை இறக்கித் துடைக்க வேண்டும், பொங்கலுக்கு வெல்லம், பச்சரிசி, மஞ்சள் கொத்து எல்லாம் பார்த்து வாங்க வேண்டும். இந்த அமர்க்களத்துக்கு நடுவில் ஒவ்வொரு வருஷமும் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை வந்து போய்விடுகிறது. "அதெல்லாம் சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு" என்று நம்மில் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் சகோதரிகளே, அந்த உற்சவத்தின் கதையில் பாதி, பெண்களின் கதை. அதைத் தெரிந்துகொண்டு போனால், ஸ ரி க ம தெரியாதவர்களுக்கும் அந்த இடம் நெஞ்சில் நிற்கும்.

எங்களுக்கு அரியமங்கலம். வாசலில் இறங்கினால் தஞ்சாவூர் ரோடு. ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக பஸ்ஸில் உட்கார்ந்தால் தஞ்சாவூர், அங்கிருந்து இன்னும் சுமார் 13 கிலோமீட்டர் போனால் திருவையாறு. 2025 ஜனவரியில் என் மாமியார், நாத்தனார், எட்டாவது படிக்கிற என் மகள், நான் என்று நாலு பெண்களாகப் போய்வந்தோம். ஆராதனை ஜனவரி 18, சனிக்கிழமை. காணும் பொங்கல் முடிந்து இரண்டாம் நாள், பள்ளிக்கூடமும் லீவு. இதைவிட சௌகரியம் வேறு என்ன வேண்டும்?

ஐந்து பாலம், ஐந்து ஆறு

விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டுவிட்டோம். புளியோதரையும் தயிர்சாதமும் முதல் நாள் இரவே தயார். பனி விலகாத நேரம். காட்டூர், திருவெறும்பூர், துவாக்குடி தாண்டும்போதே மகள் என் மடியில் தூங்கிப்போனாள். தஞ்சாவூரில் இறங்கி, திருவையாறு டவுன் பஸ் பிடித்து உட்கார்ந்ததும் அவளை எழுப்பிவிட்டேன். "இனிமே தூங்கக்கூடாது, பாலத்தை எண்ணிக்கிட்டே வா" என்றேன்.

குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற வழியில் வரிசையாக வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். ஐயாறு என்ற பெயருக்கு இந்த ஐந்து ஆறுகளைத்தான் காரணமாகச் சொல்வார்கள். புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினால் ஆயுசுக்கும் மறக்காது. இரண்டு பக்கமும் பச்சைப் பசேல் என்று வயல், நடுநடுவே வாழைத்தோட்டம், தென்னை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மழை ஏமாற்றாத வருஷமாக இருந்தால் ஆராதனை சமயத்தில் காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் போனபோதும் ஓடியது. என் மாமியார் பஸ்ஸில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஐயாறப்பர் கோயிலும் அறம் வளர்த்த நாயகி சந்நிதியும் ஊருக்கு நடுவில். சற்றுத் தள்ளிக் காவிரிக்கரையில், தியாகராஜர் சமாதி. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. தம்புரா உறையும் வயலின் பெட்டியுமாகப் போகிறவர்கள் பின்னாலேயே போனால் சரி.

அம்மா சொல்லிக்கொடுத்த முதல் பாட்டு

தியாகராஜர் பிறந்தது 1767-ல், திருவாரூரில். வாழ்ந்ததும் பாடியதும் சமாதி ஆனதும் திருவையாற்றில். அவருடைய தாயார் சீதம்மா இனிமையாகப் பாடுவாராம். புரந்தரதாசர் பாட்டுக்களை மகனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்பார்கள். அப்புறம்தான் சொண்டி வெங்கடரமணய்யா என்ற வித்வானிடம் சிட்சை. இளந்தாய்மார்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பெரிய மகானுக்கும் சங்கீதம் முதலில் அம்மா குரலில்தான் காதில் விழுந்திருக்கிறது.

அரண்மனை அழைத்தும் போகாமல், வீதியில் உஞ்சவிருத்தி எடுத்து, அதில் கிடைத்த அரிசியைக் கொண்டு சீடர்களுக்கும் சோறு போட்டு வாழ்ந்தவர் அவர். நம் திருச்சிப் பக்கத்துக்கும் அவர் வந்திருக்கிறார். ஸ்ரீரங்கம் ரங்கநாதர் மேல் ஐந்து கிருதிகள், லால்குடி சுவாமி அம்பாள் மேல் ஐந்து கிருதிகள் அவர் பாடியவை இன்றும் பாடப்படுகின்றன. லால்குடி ராமய்யர் அவருடைய சீடர். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் அந்தப் பரம்பரையில் வந்தவர்தான்.

1847-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி, புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜர் சித்தியடைந்தார். கடைசியில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் காவிரிக்கரையில் சமாதி வைத்தார்கள். அந்தத் தேய்பிறைப் பஞ்சமிதான் ஆராதனை நாள். திதிக் கணக்கு என்பதால் இங்கிலீஷ் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். 2023-ல் ஜனவரி 11, 2024-ல் ஜனவரி 30, 2025-ல் ஜனவரி 18 என்று வந்தது. போக நினைக்கிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புதர் மண்டிய சமாதி

இன்று இத்தனை ஜனம் கூடுகிற அந்த இடம், ஒரு காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது என்றால் நம்ப முடிகிறதா? குருவின் திதியை சீடர்கள் அவரவர் ஊரில், அவரவர் வீட்டில் செய்துவந்தார்கள். சமாதியைச் சுற்றிப் புதர் மண்டிவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

1903-ல் தியாகராஜரின் நேர் சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும், தள்ளாத வயதில் குருவின் சமாதியைப் பார்க்க வந்தார்கள். அது கிடந்த கோலத்தைக் கண்டு மனம் நொந்து, செப்பனிட்டுக் கட்டி, திதியை இனிமேல் அங்கேயே நடத்துவது என்று ஏற்பாடு செய்தார்கள். கொஞ்ச வருஷத்தில் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், அவர் தம்பி பஞ்சு பாகவதர் இரண்டு பேரும் முன்நின்று, வித்வான்களை அழைத்து, பூஜை, பாட்டு, அன்னதானம் என்று ஆராதனையை விரிவாக நடத்த ஆரம்பித்தார்கள். தில்லைஸ்தானம் திருவையாற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். நெய்யாடியப்பர் கோயில் உள்ள சின்ன ஊர். நேரம் இருந்தால் ஒரு ஆட்டோ பிடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அண்ணன் தம்பி சேர்ந்து ஆரம்பித்த காரியம் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று குடும்பஸ்திகளுக்குச் சொல்லவேண்டியதில்லை! சீக்கிரமே மனஸ்தாபம் வந்து, ஆராதனை இரண்டாகப் பிரிந்தது. அண்ணன் பக்கம் "பெரிய கட்சி", தம்பி பக்கம் "சின்ன கட்சி". வித்வான்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நம் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, வயலினில் பெரிய புள்ளி, பிற்பாடு சின்ன கட்சியைத் தாங்கி நடத்தியவர். கடைசியில் ஒரு மாதிரி ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஆராதனைக்கு முந்தைய ஐந்து நாள் சின்ன கட்சியின் கச்சேரிகள். ஆராதனை நாள் தொடங்கி நாலு நாள் பெரிய கட்சியுடையது.

எல்லாவற்றிலும் முட்டிக்கொண்ட இரண்டு கட்சியும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனது. பெண்கள் அங்கே பாடக்கூடாது!

அந்தக் காலத்தில் நாலு பேர் முன்னால் பாடிய பெண்கள் பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்தவர்கள். குடும்பப் பெண்களுக்கோ வீட்டுக்குள், அதுவும் கூடத்தைத் தாண்டாத குரலில்தான் பாட்டு. அவர்களை "தாசி" என்று தள்ளி வைத்தார்கள். இவர்களை "குடும்பம்" என்று பூட்டி வைத்தார்கள். அம்மா சொல்லிக்கொடுத்த பாட்டில் ஆரம்பித்த மகானின் சந்நிதியில் எந்தப் பெண்ணுக்கும் இடம் இல்லாமல் போயிற்று.

நாற்பத்து மூன்று வயதில் ஒரு கடிதம்

இந்த இடத்தில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். 1878-ல், மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தாயார் புட்டலட்சுமி தேவதாசி மரபினர். சிறு வயதிலேயே தாயை இழந்தும், பாட்டு, நாட்டியம், சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம் என்று கற்றுத் தேர்ந்து, சென்னைக்கு வந்து, பேரும் பணமும் சம்பாதித்தார்.

அவர் வெறும் பாடகி மட்டும் இல்லை. தஞ்சாவூர் அரசவையில் 18-ஆம் நூற்றாண்டில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவி, "ராதிகா சாந்த்வனம்" என்று ஒரு தெலுங்குக் காவியம் எழுதியிருந்தார். அதைப் பதிப்பித்தவர்கள் சில பகுதிகளை வெட்டிவிட்டதைக் கண்டு, ஏட்டுப் பிரதியைத் தேடிப் பிடித்து, 1910-ல் முழுசாக அச்சிட்டார் நாகரத்தினம்மாள். ஆங்கிலேய அரசாங்கம் அந்தப் புத்தகத்துக்குத் தடை போட்டது. 1947-ல்தான் தடை நீங்கியது. முன்பின் பார்த்திராத, என்றோ மறைந்துபோன ஒரு பெண்ணுக்காக இத்தனை தூரம் வாதாடியவர் அவர்.

1921-ல் அவருக்கு அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தியாகராஜர் சமாதி சரியான பராமரிப்பில்லாமல் இருப்பதை வருத்தத்தோடு எழுதியிருந்தார். அப்போது அம்மையாருக்கு 43 வயது. கிட்டத்தட்ட என் வயசு! "இனிமே நமக்கு என்ன இருக்கு, பிள்ளைங்க பாடு" என்று நாம் பேச ஆரம்பிக்கிற வயசு. அவருக்கோ அங்கேதான் வாழ்க்கையின் பெரிய காரியமே ஆரம்பித்தது.

சமாதி இருந்த நிலத்தைத் தன் பணத்தில் வாங்கினார். இடத்தைச் சுத்தம் செய்தார். அந்த வருஷமே கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டார். தியாகராஜருக்குச் சிலை வடித்து சமாதிக்கு முன்னால் பிரதிஷ்டை செய்தார். 1926-ல் குடமுழுக்கு நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். நிலம் அவர் வாங்கியது, கோயில் அவர் கட்டியது. ஆனால் அதற்குள் அவர் பாடக்கூடாது, ஹரிகதை செய்யக்கூடாது என்றார்கள் இரண்டு கட்சிக்காரர்களும். விடிய விடியக் கண் விழித்து விருந்து சமைத்தவளை, பந்தி போட்டதும் "நீ உள்ளே போ" என்று சொன்ன மாதிரிதானே இது?

அவர் அழுதுகொண்டு சென்னைக்குத் திரும்பிப் போய்விடவில்லை. கோயிலின் பின்புறத்தில் பெண்களைச் சேர்த்து, தனியாகப் பாட்டு உற்சவம் நடத்த ஆரம்பித்தார். முன்பக்கம் அவர்கள் கச்சேரி, பின்பக்கம் இவர்கள் கச்சேரி. ஜனங்கள் இதற்கு "பெண்கள் கட்சி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பத்து வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது. திருவையாற்றிலேயே குடியேறி, விடாமல் நின்றார்.

1940-ல்தான் விடிவு வந்தது. எஸ்.ஒய். கிருஷ்ணசாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் முயற்சியாலும், நம் முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்ற வித்வான்களின் முயற்சியாலும் எல்லாக் கட்சியும் ஒன்றாயின. 1941-லிருந்து ஒரே ஆராதனை. ஆணும் பெண்ணும் ஒரே சந்நிதியில் பாடலாம் என்று ஆயிற்று. அம்மையாருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

ஒரு கதவு திறந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடுமா? 1946-ல் தண்டபாணி தேசிகர் அங்கே தமிழ்ப் பாட்டுப் பாடியதற்கு எதிர்ப்புக் கிளம்பி, அது பெரிய சர்ச்சையாயிற்று. தமிழ் இசை வேண்டும் என்ற இயக்கம் நாடு முழுக்க வேகமாக இருந்த காலம் அது. ஆக, பக்தி ஒரு பக்கம் இருந்தாலும், "யார் பாடலாம், எதைப் பாடலாம்" என்ற வழக்கும் அந்த ஆற்றங்கரையில் நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

1952 மே 19-ஆம் தேதி நாகரத்தினம்மாள் காலமானார். தன் சொத்தைக் கோயில் காரியத்துக்கே ஒரு டிரஸ்டாக எழுதி வைத்துவிட்டுப் போனார். தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் சமாதி இருக்கிறது. கைகூப்பியபடி அவர் சிலை. வருகிறவர்களில் எத்தனையோ பேர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். நீங்கள் தாண்டிப் போகாதீர்கள்.

பஞ்சரத்தினம் கேட்ட காலை

ஆராதனை அன்று காலையில் திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இடத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்படுகிறது. பழைய வீடு போய் இப்போது அங்கே புதுக் கட்டிடம் இருக்கிறது. பஜனை கோஷ்டி பாடிக்கொண்டே சமாதிக்கு வந்து சேரும். பந்தலுக்குள் வித்வான்களும் விதூஷிகளும் தரையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. வெளிநாடெல்லாம் போய்ப் பாடுகிறவர்களும் சரி, போன வருஷம் அரங்கேறிய பெண்ணும் சரி, ஒரே தரையில்தான். யாரும் இங்கே சன்மானம் வாங்கிக்கொண்டு பாடுவதில்லை.

முதலில் புல்லாங்குழல். பிறகு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில் ஐந்து கிருதிகள். இவற்றைத்தான் கனராக பஞ்சரத்தினம் என்கிறார்கள். ஐந்தும் ஆதி தாளம். முதல் கிருதி சமஸ்கிருதம், மற்ற நாலும் தெலுங்கு. வராளியைக் குரு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சீடனுக்கும் பிரிவு வரும் என்று சங்கீதக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டுத்தான் கற்றுக்கொள்வார்களாம்!

எல்லாரும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடுகிற இந்த வழக்கம் ஆதிகாலத்திலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இதுவும் 1940-ஐ ஒட்டி, கட்சிகள் ஒன்றான அந்த நாட்களில் வந்ததுதான். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் சொன்ன யோசனை என்பார்கள். யார் முதலில் பாடுவது, யார் பிறகு பாடுவது என்ற போட்டிக்கெல்லாம் ஒரே மருந்து, எல்லாரும் ஒன்றாகப் பாடிவிடுவது! சண்டை போட்ட கூட்டுக்குடும்பத்தை ஒரே இலையில் உட்கார்த்தி வைத்த சாமர்த்தியம்.

பாட்டு நடக்கும்போதே உள்ளே தியாகராஜருக்கு அபிஷேகம் நடக்கிறது. பாலும் சந்தனமும் மணக்க, அத்தனை குரலும் ஒன்றாக எழும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. பந்தலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த சாதாரண ஜனங்களும் கையில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கூடவே பாடுகிறார்கள்.

என் மாமியாரைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருக்கு வயது எழுபத்தெட்டு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்துத் தெருவில் பாட்டு கிளாஸ் நடந்ததாம். சேரவேண்டும் என்று கேட்டதற்கு அவர் அப்பா, "பொம்பளப் புள்ளைக்குப் பாட்டு எதுக்கு? நாலு பேரு முன்னால பாடினா நல்லாவா இருக்கும்?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாராம். அப்புறம் அவருக்கு வாத்தியார் நம் திருச்சி வானொலி நிலையம்தான். 1939-ல் ஆரம்பித்த நிலையம். வருஷா வருஷம் ஆராதனையை நேரடியாக ஒலிபரப்புவார்கள். அடுப்படியில் ரேடியோவை வைத்துக்கொண்டு, கறிகாய் நறுக்கிக்கொண்டே கேட்டுக் கேட்டுப் பஞ்சரத்தினத்தில் பாதிக்கு மேல் அவருக்குப் பாடம். ஆனால் வீட்டில் ஆண்கள் இருந்தால் வாய் திறக்கமாட்டார். இருபது வருஷத்துக்கு மேல் கூட இருந்த எனக்கே, அவர் முழுசாக ஒரு பாட்டுப் பாடிக் கேட்ட ஞாபகம் இல்லை.

அன்று ஸ்ரீராகம் வந்தபோது, என் பக்கத்தில் ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அத்தை! கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடுகிறார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். அத்தை சட்டென்று நிறுத்தினார். அந்தப் பெரியவரோ, "நிறுத்தாதீங்கம்மா, பாடுங்க" என்று சொல்லிவிட்டுத் தான் பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்தார். அத்தை கடைசி வரை பாடினார்.

மகள்தான் கேட்டாள். "அப்பாயி, உங்களுக்கு இவ்வளவு தெரியுமா? இத்தனை நாளா ஏன் பாடல?"

"யாரு கேட்டா?" என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் தொண்டையில் என்னவோ அடைத்தது.

நாகரத்தினம்மாளின் கைகூப்பிய சிலைக்கு முன்னால் நிறுத்தி, அவருடைய கதையை நான் என் மகளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு அத்தை சொன்னார்: "இந்தம்மா பின்பக்கம் உக்காந்து பாடலேன்னா, நான் இன்னிக்கு முன்பக்கம் உக்காந்திருக்க முடியாது." இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொல்லாது.

இப்போது இந்த உற்சவம் காவிரிக்கரையோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடத்தி வருகிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பெண்குழந்தைகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு இதே ஐந்து கிருதிகளைப் பாடுகிறார்கள். யார் கண்டது, அவர்களில் எத்தனை பேருக்கு முதல் பாட்டு அம்மா சமையலறையில் முணுமுணுத்ததோ!

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

உற்சவம் ஐந்து நாள் நடக்கிறது. காலை முதல் இரவு வரை கச்சேரிதான். ஒவ்வொருவருக்கும் சில நிமிஷம். கடைசி நாள்தான் பஞ்சரத்தினம். அன்றிரவு தியாகராஜர் வீதி உலாவும் ஆஞ்சநேயர் உற்சவமும் நடந்து நிறைவு பெறும். கூட்டம் வேண்டாம் என்கிறவர்கள் முந்தின நாட்களில் போனால் நிம்மதியாக உட்கார்ந்து கேட்கலாம். பஞ்சரத்தினமே கேட்க வேண்டும் என்றால் காலை ஏழு மணிக்குள் அங்கே இருங்கள். அன்றைக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம் என்பதால் ஜனம் நெரியும்.

தரையில் வெகுநேரம் உட்கார வேண்டும். ஒரு ஜமுக்காளமோ கனமான பெட்ஷீட்டோ எடுத்துப்போங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை ஓரமாக, சுவரிலோ கம்பத்திலோ சாய்ந்துகொள்ளும்படி உட்கார வையுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் காலை நீட்டி மடக்கச் சொல்லுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரையும் வேளைக்குச் சாப்பாடும் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டு சுவாரசியத்தில் பசி தெரியாது.

கைக்குழந்தையோடு போகிற தாய்மார்கள் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காரவே கூடாது. பச்சைக்குழந்தையின் காது மென்மையானது. காலைப் பனிக்குக் காதை மூடி ஒரு குல்லா, கொதித்து ஆறிய தண்ணீர், மாற்றுத் துணி இரண்டு செட், இவை போதும். காவிரியில் தண்ணீர் ஓடினால் குழந்தைகள் இறங்கத் துடிப்பார்கள். படித்துறையில் நின்று காலை நனைப்பதோடு சரி. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே பள்ளமும் சுழலும் இருக்கும்.

ஊர் திரும்புமுன் திருவையாறு அசோகா அல்வாவை விட்டுவிடாதீர்கள்! பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறுவது. வாயில் போட்டால் கரைந்துவிடும். வீட்டுக்கு அரைக் கிலோ வாங்கினால் போதும் என்று நினைத்தோம். துவாக்குடி வருவதற்குள் பாதி காலி.

கடைசியாக ஒன்று. சமாதிக்குப் போகும்போது வாசலில் பூ விற்பார்கள். இரண்டு முழமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முழம் தியாகராஜருக்கு. இன்னொரு முழம், அவருக்குக் கோயில் கட்டிவிட்டு அதன் பின்புறத்தில் உட்கார்ந்து பாடிய அந்த அம்மாளுக்கு.